அடுப்புக்கு மேலே ஓர் அடுப்பு

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே இருந்த இடத்தை யாரும் வெறுமனே விட்டதில்லை. குறுக்கே இரண்டு மூங்கிலைப் போட்டு ஒரு பரண் கட்டியிருப்பார்கள். அடுத்த பட்டத்துக்கான பாகல் விதையும் பூசணி விதையும் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து அங்கே கிடக்கும். பக்கத்திலேயே புளிப்பானையும் வடகக் கூடையும் இருக்கும். விறகுப் புகை ஏறி ஏறி அந்த மூங்கில் கருத்துப் பளபளக்கும். வண்டும் பூச்சியும் அண்டாமல் காத்தது அந்தப் புகைதான்.

அதே இடத்தில் இப்போது ஒரு மைக்ரோவேவ் ஓவனைப் பொருத்த முடியுமா என்ற கேள்வி காவிரி டெல்டாவின் புது வீடுகளில் எழத் தொடங்கியிருக்கிறது. எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போய் வந்தவர்கள். மகளின் பேறுகாலத்துக்காக நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் அம்மா, அங்கே அடுப்புக்கு மேலே சுவரோடு சுவராகத் தொங்கிய அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார். மேடையில் இடம் அடைக்காது. சாதத்தைச் சூடாக்கும், கீழே தாளிக்கும் புகையை உறிஞ்சும், அடுப்புக்கு வெளிச்சமும் காட்டும். கும்பகோணத்தில் கட்டும் வீட்டிலும் இப்படி ஒன்று வைத்தால் என்ன?

வைக்கலாமா கூடாதா என்று சொல்லுமுன், அங்கே அதை எப்படி மாட்டுகிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் சுவர் அல்ல. மரச்சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தி, மேலே ஜிப்சம் பலகையை அறைந்திருப்பார்கள். பெட்டியின் அகலம் 30 அங்குலம். எடை 22 முதல் 30 கிலோ வரை. நெல் கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் 40 கிலோ சிப்பத்தில் பாதிக்கு மேல். இவ்வளவு கனத்தை ஜிப்சம் பலகை தாங்காது. அதனால் முதல் வேலை, சுவருக்குள் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது. பெட்டியோடு வரும் அளவுக் காகிதத்தைச் சுவரில் ஒட்டித் துளை போடுவார்கள். ஓர் இரும்புத் தகட்டைச் சுவரில் இறுக்குவார்கள். அதன் திருகாணிகளில் குறைந்தது ஒன்றாவது மரச்சட்டத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிறகு இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி, அதன் பின்பக்கத்தைத் தகட்டின் கீழ்க்கொக்கிகளில் மாட்டி, மேலே சாய்த்து நிமிர்த்துவார்கள். மேல் அலமாரியின் அடிப்பலகை வழியாக இறங்கும் நீண்ட போல்ட்டுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் கையைத் தளர்த்தினாலும் கீழே இருக்கும் கண்ணாடி அடுப்பு போய்விடும்.

இதில் அதிகம் பேர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் இருக்கும் ஊதுவிசிறி, பெரும்பாலும் உறிஞ்சிய காற்றைக் கரி வடிகட்டி வழியாக மறுபடியும் சமையலறைக்கே விடும்படி வைக்கப்பட்டு வரும். புகை வெளியே போக வேண்டுமென்றால் அந்த விசிறியைக் கழற்றி, குழாய் இருக்கும் திசைக்குத் திருப்பிப் பூட்ட வேண்டும். திருப்பாமலே மாட்டிவிட்டால் குழாய் வெறும் அலங்காரம்தான். தாளிப்புப் புகை பெட்டியைச் சுற்றி முகத்துக்கே வரும். ஆள் கூலி மலைக்க வைக்கும் ஊர் என்பதால், சனி ஞாயிறுகளில் நண்பரைத் துணைக்கு அழைத்து வீட்டுக்காரரே இந்த வேலையைச் செய்துகொள்வது அங்கே சகஜம். தஞ்சாவூரில் ஒரு ஃபியூஸ் போடவும் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளைகள், அங்கே போய் மட்டம் பார்க்கவும் துளை போடவும் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி நம் சுவருக்கு வருவோம்.

அமெரிக்காவிலிருந்தே பெட்டியைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு தடை. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டுச் சுற்றிய ஓவனின் உள் டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் அளவுக்கு மீறிச் சூடாகிக் கருகும். தட்டைச் சுழற்றும் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும். கப்பலில் ஏற்றி வந்த செலவு வீண்.

இந்தியக் கடைகளில் அடுப்புக்கு மேலே தொங்கும் மாடல் அபூர்வம். இங்கே கிடைப்பவை மேடையில் வைப்பதும், அலமாரிக்குள் பதிக்கிற பில்ட்-இன் வகையும்தான். புகைக்குத் தனியாக எலக்ட்ரிக் சிம்னி. இது குறைபாடு போலத் தோன்றலாம். நம் சமையலைக் கொஞ்சம் அளந்து பார்த்தால், இப்படிப் பிரிந்திருப்பதே நமக்கு நல்லது என்று தெரியும்.

அளந்துதான் பார்ப்போமே. அங்கே அடுப்பு மேடையோடு மேடையாகப் பதிந்திருக்கும். தரையிலிருந்து 36 அங்குலம். இங்கே 32, 33 அங்குல மேடை மேல் கேஸ் ஸ்டவ்வைத் தூக்கி வைக்கிறோம். பர்னர் 38, 39 அங்குலத்துக்குப் போய்விடுகிறது. அமெரிக்கக் கணக்குப்படி மேல் அலமாரி அடுப்பிலிருந்து 30 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பெட்டி 16 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 14 அங்குலம். ஐந்து லிட்டர் குக்கரை வெயிட்டோடு ஏற்றி வைத்தால் இடையில் ஒரு சாண்கூடத் தேறாது. மூன்று விசில் வந்தால் மூன்று முறையும் கொதிநீராவி பெட்டியின் வயிற்றில் நேராக அடிக்கும். தீபாவளிக்கு முறுக்குப் பிழிய இருப்புச்சட்டியில் இரண்டு லிட்டர் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எண்ணெய் ஆவி வடிகட்டியில் பிசுக்காகப் படியும். அந்தப் பிசுக்கு தீப்பிடிக்கக் கூடியது. இங்கே விற்கும் சிம்னிகளை ஸ்டவ்விலிருந்து 24 முதல் 30 அங்குல உயரத்தில் மாட்டச் சொல்வது இதனால்தான்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. அந்த உயரத்தில் பெட்டியின் உள்தளம் தரையிலிருந்து நாலரை அடியில் நிற்கும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண், எரிகிற பர்னருக்கு மேலே சாய்ந்து, முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கொதிக்கும் ரசக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே இறக்க வேண்டும். சேலை கட்டிச் சமைக்கும் ஊரில் இப்படி ஓர் அமைப்பை யாரும் சிபாரிசு செய்யக் கூடாது. அடுப்புக்கு நேர் மேலே சிம்னி; ஒரு முழம் தள்ளி, நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே மைக்ரோவேவ். டெல்டா வீட்டுக்குப் பொருந்துவது இதுதான்.

அந்த ஒரு முழம் தள்ளிய இடத்தை வீட்டைப் பூசும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். நம் ஊரின் பெரிய வசதி கடப்பாக்கல். கும்பகோணத்தார் கடப்பா என்றதும் இட்லிக்குத் தொட்டுக்கொள்வதை நினைப்பார்கள். இது ஆந்திரத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் கறுப்புப் பலகைக் கல். சுவரில் நாலு அங்குலம் காடி வெட்டி, கல்லைச் செருகிப் பூசிவிட்டால் 30 கிலோ ஒரு சுமையே இல்லை. ஓவனின் நாலு காலும் கல்லின் மேல் உட்கார வேண்டும். முன்கால்கள் விளிம்பில் தொங்கக் கூடாது. கல்லின் ஆழத்தை அளக்கும்போது ஓவனின் ஆழத்தோடு பின்னால் காற்று போக விட வேண்டிய இடத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாடலின் கையேடும் சொல்லும். மேலே துணி விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கிக் காற்றுத் துளையை மூடுவது நம் வீடுகளில் சாதாரணக் காட்சி. ஓவனின் ஆயுளைக் குறைக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கட்டி முடித்த வீட்டில் இரும்பு பிராக்கெட்தான் வழி என்றால், சுவர் என்ன சுவர் என்று பார்க்காமல் டிரில்லிங் மெஷினை எடுக்கக் கூடாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் அதிர்ந்து விரிசல் விடலாம். இப்போது பரவலாகிவரும் எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவரில் சாதாரண போல்ட் இறுக இறுகக் கல் பொடியாகும். அதற்கென்று தனி ஆங்கர்கள் உண்டு. தஞ்சாவூர் நாலு வீதிகளிலும் அக்கிரகாரங்களிலும் நிற்கும் பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஒன்றரை அடி கனம் இருந்தாலும் துளைக்குள் காரை மணலாக உதிரும். அங்கே சுவரை நம்பாமல் தரையிலிருந்து கால் கொடுத்து நிறுத்துவதே முறை.

மின்சாரம் அடுத்து. 800 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பது உணவுக்குள் போகும் சக்தி. அதற்காக ஓவன் இழுப்பது 1200 முதல் 1500 வாட் வரை. கன்வெக்‌ஷன் வசதியும் இருந்தால் 2000 வாட்டைத் தாண்டும். மிக்சி சொருகும் 6 ஆம்பியர் பாயின்ட் இதற்குப் போதாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், மெயின் போர்டிலிருந்து தனி வயரும் தனி டிரிப்பரும் வேண்டும், எர்த் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும். மூன்று பின் பிளக்கைச் சொருகிவிட்டால் எர்த் இருக்கிறது என்று பொருளல்ல. சாக்கெட்டின் மேல்துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகள் உண்டு. 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை வீட்டுக்கே போட்டுவைத்தால் மைக்ரோவேவுக்கு மட்டுமல்ல, கீசருக்கும் கிரைண்டருக்கும் சேர்த்துக் காவல்.

டெல்டாவின் மின்சாரத்துக்கு ஒரு தனிக் குணம். குறுவைக்கு நாற்று விட்ட நாட்களில் ஊரெல்லாம் பம்புசெட் ஓடும். கடைக்கோடி கிராமத்து வீடுகளில் வோல்ட்டேஜ் இறங்கி, டியூப்லைட் கண் சிமிட்டும். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை மைக்ரோவேவுக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சூட்டுச் சக்தி வெகுவாகக் குறையும். இரண்டு நிமிடத்தில் சூடான சாதம் மூன்று நிமிடமாகியும் ஜில்லென்று இருந்தால், ஓவன் கெட்டுவிட்டது என்று பதறுமுன் விளக்கைப் பார்க்க வேண்டும்.

குறைந்த வோல்ட்டேஜ் ஓவனின் உயிரை வாங்காது. கூடிய வோல்ட்டேஜ் வாங்கிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. கஜா அளவுக்கு வேண்டாம். சாதாரணக் காற்றுமழையிலேயே மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்துபோவதுண்டு. நியூட்ரல் போனால் 230 வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட் வரை நுழையக்கூடும். அந்த நேரத்தில் சொருகியிருந்த எதுவும் தப்புவது கடினம். ஓவன் அணைந்திருந்தாலும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே போர்டு மின்சாரத்தில்தான் இருக்கும். காற்று எழும்போதே பிளக்கைப் பிடுங்கும் பழக்கம், எந்த ஸ்டெபிலைசரையும்விட மலிவானது.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் ஓவன் நிற்கும். கடைக்குத் தூக்கிப் போகுமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அதுவும் வெளித்தகட்டைக் கழற்றாமல்.

உள்ளே படபடவென்று பொறி பறந்தால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி ஒரு மெல்லிய தகடு. ஓவனின் வலப்பக்க உட்சுவரில் பழுப்பாக, அட்டை போல ஒன்று இருக்கும். அது மைக்கா ஷீட். அலைகள் உள்ளே நுழையும் வாசலை அது மூடி நிற்கிறது. குழம்பு தெறித்து, எண்ணெய் ஊறி, ஒரு மூலை கருகினால் அந்தக் கருகலில் மின்சாரம் பாய்ந்து பொறி கிளம்பும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய தகட்டை எடுத்து, அதே அளவில் புது மைக்கா ஷீட்டைக் கத்தரியால் வெட்டிப் பொருத்த வேண்டும். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வடிவம் வெட்டிக் கொடுப்பது போன்ற வேலை. இதைத் தெரியாமல் ஓவனையே காயலான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு என்பது வருத்தமான விஷயம். பொறிக்கு இன்னொரு காரணம் எவர்சில்வர். நம் வீட்டில் கிண்ணம், டபரா, சம்புடம் எல்லாம் எவர்சில்வரோ பித்தளையோதான். கை பழக்கத்தில் உள்ளே போய்விடும். ஜரிகைக் கோடு போட்ட பீங்கான் தட்டும் அதே வேலையைச் செய்யும்.

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை. இது உயர் அழுத்தப் பகுதியின் கோளாறு. வீட்டுக்காரர் கை அங்கே போகக் கூடாது. எதுவுமே இயங்கவில்லை என்றால் முதலில் அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகிப் பார்க்க வேண்டும். சாக்கெட் நன்றாக இருந்தால் உள்ளே பீங்கான் ஃபியூஸோ, சூடு மீறினால் துண்டிக்கும் தெர்மல் சுவிட்சோ போயிருக்கும். கதவை இடுப்பால் அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் கதவின் கொக்கியோ டோர் சுவிட்சோ தேய்ந்துவிட்டது. பொத்தான்கள் சில வேலை செய்து சில செய்யாவிட்டால் டச் பேனல். இதில் ஒரு டெல்டாக் காரணமும் சேரும்: மழைக்காலத்தில் கதகதப்புத் தேடி வரும் கரப்பானும் எறும்பும் பல்லியும் காற்றுத் துளை வழியே போர்டுக்குள் குடியேறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கதவோரத் தகட்டை அரிக்கும். உட்சுவரில் பெயின்ட் உதிர்ந்து துரு தெரிந்தால் அதற்கென்றுள்ள பெயின்டைப் பூச வேண்டும். துரு ஓட்டையாகிவிட்டாலோ, கதவு கோணிப்போனாலோ, அந்த ஓவனை அதற்குப் பிறகு ஓட்டவே கூடாது.

அந்த டோர் சுவிட்ச் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஓவன்களில் கதவுக்குப் பின்னால் மூன்று மைக்ரோ சுவிட்சுகள் இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் மின்சாரத்தை அறுக்கும். மூன்றாவது அவற்றைக் கண்காணிக்கும். முதல் இரண்டும் ஒட்டிக்கொண்டு அறுக்கத் தவறினால், மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். கதவு திறந்திருக்கும்போது அலைகள் வெளியே வரக் கூடாது என்பதற்காக இயந்திரம் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. ஆகவே ஃபியூஸ் மட்டும் மாற்றி மறுபடி மறுபடி எரிந்தால், அது இந்தச் சுவிட்சுகளின் முறையீடாக இருக்கலாம். ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவதும், சுவிட்சுகளை நேராக இணைத்துவிடுவதும் கொலைக்குச் சமமான வேலை. அப்படிச் செய்து தருகிறேன் என்கிற ஆளிடமிருந்து ஓவனை அப்போதே வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வெளித்தகட்டைக் கழற்றக் கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு உள்ளே இருப்பதே காரணம். டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 2000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. ஒரு டயோடும், மெக்கானிக்குகள் கன்டென்சர் என்று சொல்லும் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதை இன்னும் இரட்டிப்பாக்கி, அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு 4000 வோல்ட் அளவில் கொடுக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கன்டென்சருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதை வடியவிட உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்; அந்த ரெசிஸ்டர் கெட்டுப்போயிருந்தால் வெளியிலிருந்து பார்த்து யாருக்கும் தெரியாது. பழைய பிக்சர் டியூப் டிவியில் ஷாக் வாங்கிப் பிழைத்த மெக்கானிக்குகள் ஊருக்கு நாலு பேர் உண்டு. அந்தத் துணிச்சலை இங்கே காட்டக் கூடாது. டிவியில் வோல்ட்டேஜ் மிக அதிகம், மின்னோட்டம் மிகக் குறைவு. மைக்ரோவேவில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இதயத்தை நிறுத்த அது போதும். தெரிந்த மெக்கானிக் தகட்டைக் கழற்றியதும் செய்யும் முதல் வேலை, காப்பிடப்பட்ட கருவியால் கன்டென்சரின் முனைகளை இணைத்து மின்சாரத்தை வடிப்பது. மல்டிமீட்டரை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

மேக்னட்ரானுக்குச் சமையலறை புகுந்த இடம். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக 1940ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் சக்திமிக்க கருவியாக்கினார்கள். அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் அதை உற்பத்தி செய்துகொண்டிருந்த பெர்சி ஸ்பென்சர், சட்டைப்பையில் இருந்த இனிப்பு இளகியதைக் கவனித்து 1945ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947ல் வந்த முதல் ஓவன் ஏறக்குறைய ஆறடி உயரம், 340 கிலோ. மேடைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்க 1967 வரை ஆனது. இன்றைய வீட்டு ஓவன் 2450 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடியில் தெரியும் வலையின் கண்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்பதால் வெளிச்சம் வருகிறது, அலை வருவதில்லை. புது ஓவனில் கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், பயன்பாட்டுக் காலத்தில் 5 மில்லிவாட் என்பது அமெரிக்க அரசு வைத்த கசிவு வரம்பு. ஓவனுக்குள் செல்போனை வைத்து மணி அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனையால் இதை அளக்க முடியாது. துளிச் சிக்னல் போதும் போன் அடிக்க.

உணவிலிருக்கும் தண்ணீரைத்தான் இந்த அலைகள் முக்கியமாகச் சூடாக்குகின்றன. ஈரத்தின் அருமை பெருமை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் சங்கடம். அந்த ஈர நெல் பிரச்சினைக்காகத் திருவாரூரில் முளைத்துத் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த ஆய்வு மையம்தான் வளர்ந்து இன்று நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்பக் கழகமாக நிற்கிறது. காய்ந்துபோன சாதத்தை மைக்ரோவேவில் வைக்கும்போது ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டியிருப்பதும், காலி ஓவனை ஓட்டவே கூடாது என்பதும் அலைகள் தண்ணீரைத் தேடுவதால்தான். வாங்கிக்கொள்ள உள்ளே தண்ணீர் இல்லையென்றால் அலைகள் மேக்னட்ரானுக்கே திரும்பி அதை வேகவைக்கும்.

பழுது பார்க்கும் கைகள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வோல்ட்டேஜ் இறங்கிப் பம்புசெட் மோட்டார் எரிந்தால் நடவு நிற்கும் என்பதால், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊரே டெல்டாவில் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வீடு வீடாகக் கருவிகளைச் சேர்த்தபோது அவற்றைப் பழுது பார்க்கும் வேலையும் கூடவே வந்தது. ஐடிஐகளில் வீட்டு மின்னணுச் சாதன மெக்கானிக் என்றொரு பிரிவே இருக்கிறது. மைக்ரோவேவும் அதன் பாடத்தில் உண்டு. ஆளுக்குப் பஞ்சமில்லை. உதிரி பாகமும் சர்க்யூட் விவரமும் சில நேரம் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை என்பதே குறை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022ல் ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. நியாயமான பழுதுக்கு மறுப்போ, மிகையான கட்டணமோ வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். டோர் சுவிட்ச் ஒன்றுக்காக முழு ஓவனை மாற்றச் சொல்லும்போது அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

உண்மையிலேயே ஆயுள் முடிந்துவிட்டால் மட்டும் கழித்துக்கட்டலாம். அப்போதும் செம்புக்காகவும் காந்தத்துக்காகவும் வீட்டில் உடைக்கக் கூடாது. சில மேக்னட்ரான்களின் பீங்கான் வளையத்தில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள், விற்ற பொருளை முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரித்த கம்பெனிகளின் மேல் வைத்திருக்கின்றன. வாங்கிய கடையிலோ கம்பெனியின் சேவை மையத்திலோ கேட்பதே சரியான வழி.

பழுது பார்த்து வந்த ஓவன் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சமையலறைத் தெர்மாமீட்டரால் சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழுச் சக்தியில் சரியாக ஒரு நிமிடம் ஓடவிட்டு, எடுத்ததும் மரக்கரண்டியால் கலக்கி, மறுபடி அளக்க வேண்டும். எத்தனை டிகிரி செல்சியஸ் ஏறியதோ அதை எழுபதால் பெருக்கினால், ஓவன் தண்ணீருக்குக் கொடுத்த வாட் கிடைக்கும். பதினொரு டிகிரி ஏறினால் 770. 800 வாட் ஓவனுக்கு அது நல்ல கணக்கு. ஐந்து, ஆறு டிகிரிதான் ஏறியது என்றால் மேக்னட்ரான் களைத்துவிட்டது, அல்லது மெக்கானிக்கின் வேலை இன்னும் முடியவில்லை. சர்வீஸ் கடையில் காசை எண்ணிக் கொடுக்குமுன், அங்கேயே ஒரு லிட்டர் தண்ணீர் கேட்டு வாங்கி, "அண்ணே, ஒரு நிமிஷம் ஓட விடுங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு வரலாம். வேலையை நேர்த்தியாகச் செய்த மெக்கானிக், கேட்குமுன்னே ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்துச் சூடாக்கித் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பார்.